கைராசிக்காரன்

அன்றைக்குச் சாயங்காலம் இரை கடிபடாமல் திரும்பி வந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. மனிதனுக்கு வாய்க்கசப்பு வருவதுபோலக் கெளுத்தி மீனுக்கும் ஒருநாள் வரலாம். இளையவன் தூண்டில் நரம்பைச் சுருட்டிக்கொண்டு ஆற்றின் கடைசிப் படியில் உட்கார்ந்து, முள்ளில் குத்தியிருந்த பொட்டலத்தைக் கழற்றினான். கோழி ஈரல் தண்ணீரில் கரைந்து வழுக்கி ஓடிவிடும் என்பதால் அதைத் துணிக் கிழிசலில் பொதிந்து, நூல் சுற்றித்தான் முள்ளில் மாட்டுவார்கள். பொட்டலம் கட்டுவது எப்போதும் அண்ணன் வேலை. ஊறித் தளர்ந்திருந்த நூலை இளையவன் உருவியதும் துணி அவன் உள்ளங்கையில் மெல்ல விரிந்தது. அதன் ஓரத்தில் பழுப்பாக, நகம் அளவுக்கு ஒரு கறை காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது.

முகர்ந்து பார்த்தான். ஈரலின் கவிச்சிக்கு அடியில் வார்னிஷ் வாடை இருந்தது.

அந்த வீட்டில் வார்னிஷோடு மல்லுக்கட்டுகிறவன் அவன் ஒருவன்தான். எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது அவன் தொழில். செப்புக் கம்பியைச் சுற்றி முடித்து வார்னிஷ் ஊற்றும்போது எப்படியும் இரண்டு சொட்டு மார்பில் தெறிக்கும். எந்தச் சோப்புக்கும் அது மசியாது. ஆக, இது அவனுடைய பனியன். கொடியிலிருந்து காற்றில் பறந்துபோய்விட்டது என்று அண்ணி சொன்ன பனியன்.

முதலில் அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அண்ணனின் கஞ்சத்தனம் அந்தத் தெருவுக்கே தெரிந்தது; பல் குத்திய குச்சியைக் கழுவி எடுத்து வைக்கிற ரகம். தம்பியின் பனியனைக் கிழித்து மீனுக்குச் சட்டை போட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டான். ஆனால் படியேறி வீட்டை நெருங்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அது பழைய பனியன் இல்லை. அண்ணன்தான் புதிதாக வாங்கிக் கொடுத்தது.

அண்ணனுக்கு இளையவன் பட்ட கடன் பனியனோடு முடிவதில்லை. அவன் வேலை பார்த்த முதல் பட்டறை மூடிப்போனது, இரண்டாவது பட்டறை எரிந்துபோனது, மூன்றாவது முதலாளி இவன் சேர்ந்த கொஞ்ச நாளில் படுத்த படுக்கையானார். இவன் கால் வைத்த இடம் விளங்காது என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டவர்கள் கடைசியில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். வாடகை அறையில் அரை வயிற்றோடு சுருண்டு கிடந்தவனைத் தேடி, எத்தனையோ வருடம் எட்டிப் பார்க்காத அண்ணன் ஒருநாள் வந்து நின்றார். ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. கருவிப் பெட்டியைத் தன் தோளில் ஏற்றிக்கொண்டு, வாடா வீட்டுக்கு என்றார். இளையவன் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தான்.

ஆற்றைப் பார்த்த அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். நல்ல காற்று வரும் அறை, ஆற்றுப்பக்கம் தனியாக ஒரு கதவும் உண்டு. அண்ணி முதல் தட்டை அவனுக்குத்தான் போடுவாள், மீனின் நடுத்துண்டை அவனுக்குத்தான் வைப்பாள். வந்த சில மாதங்களில் கன்னம் உப்பி, தொப்பைகூட எட்டிப் பார்த்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அண்ணன் அவனுக்கு ஒரு சொல்லைக் கொடுத்தார். வீட்டுக்குக் கீழே ஆறு வளைகிற இடத்திலிருக்கும் ஆழமான மடுவில்தான் அண்ணன் இளவயதிலிருந்து கெளுத்தி பிடிக்கிறார். அந்த வட்டாரத்தில் அவருக்குக் கெளுத்தியார் என்றே பெயர். இரை விஷயத்தில் யாரையும் கிட்டே சேர்க்காத மனிதர், தம்பி வந்த மறுநாளே மாவையும் கோழிக் குடலையும் அவன் முன்னால் வைத்துப் பிசையச் சொன்னார். அன்று சாக்கு நிறைய மீன்.

"உனக்குக் கைராசிடா. நீ பிசைஞ்சா அது தானா வருது."

கால் ராசி இல்லாதவன் என்று பேரெடுத்தவனுக்கு அந்தச் சொல் எப்படி இனித்திருக்கும். அன்றிலிருந்து தினமும் அவனே பிசைந்தான். நன்றாகப் பிசை, முழங்கை வரை போட்டுப் பிசை, வேர்வை விழுந்தால் விழட்டும் என்பார் அண்ணன். தனக்குக் கையில் அரிப்பு என்று சொல்லி, அவர் ரப்பர் உறை இல்லாமல் இரையைத் தொடுவதை விட்டுவிட்டார்.

தொழில் நுணுக்கங்களையும் ஒளிக்காமல் சொல்வார். கெளுத்திக்குக் கண் பெயருக்குத்தான்; மீசையால் தொட்டும் தண்ணீரில் கலந்து வருகிற வாடையை வைத்துமே அது எல்லாவற்றையும் அறிகிறது. அதனால் இரை வாடை அடிக்க வேண்டும். முள்ளைப் போடுவதற்கு முன்னால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சும்மா தீனி போட்டுக்கொண்டே வர வேண்டும். அதற்குப் பழக்குவது என்று பெயர். ஒரு இரைக்குப் பழகியதை இன்னொன்றுக்கு மாற்ற நினைத்தால் மட்டும் பதறக்கூடாது. பழையதில் புதியதைத் துளித் துளியாகக் கலந்து, பழையதைத் துளித் துளியாகக் குறைத்தால், மீனுக்கே தெரியாமல் அதன் ஆசை மாறிவிடும். இதையெல்லாம் இளையவன் வாய் பிளந்து கேட்டிருக்கிறான்.

அன்று சாப்பிடும்போது விளையாட்டாகத்தான் கேட்டான், என் பனியன் மீன் வயிற்றுக்குப் போகிறதா என்று. அண்ணியின் கரண்டி குழம்புச் சட்டிக்குள் அப்படியே நின்றது. அண்ணன் மட்டும் சிரித்தார். துணி துணிதானே, கைக்கு எது அகப்பட்டதோ அதைக் கிழித்தேன், உனக்கு வேறு வாங்கித் தருகிறேன் என்றார். சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு, முழங்கை வரை தேய்த்து, குழாயடியில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் இளையவன் சாப்பிட்டு முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் தூண்டில்களை எடுத்து வைக்க ஆற்றுக்குப் போயிருந்தார், அண்ணி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். இளையவன் துவைக்கிற இடத்தில் தன் சட்டையைத் தேடினான். கூடையில் அண்ணனின் துணியும் அண்ணியின் துணியும் கிடந்தன. சோப்பில் ஊறி ஊறி அட்டைபோல விறைத்திருந்த அவற்றில் மனித வாடையே இல்லை. அவனுடையது ஒன்றுகூட அதில் இல்லை. இரைக் கொட்டகையின் மூலையில் ஒரு பிளாஸ்டிக் பை, காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டித் தொங்கியது. பிரித்தான். அவனுடைய பனியன்கள், அவனுடைய தலையணை உறை, காய்ச்சலில் கிடந்தபோது நனைந்த அவனுடைய போர்வை. எதுவும் துவைக்கப்படவில்லை. அவனுடைய சொந்த வேர்வை, நாள்பட்டுப் புளித்து, முகத்தில் அறைந்தது.

அதற்குக் கீழே ஊறவைத்த தீனி வாளி. அண்ணன் திறக்கவே கூடாது என்று சொல்லியிருந்த வாளி. மேலே அவனுடைய வெள்ளைக் கிழிசல்கள் மிதந்தன. குச்சியால் கிளறியபோது அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு துணுக்கு ஏறி வந்தது. அண்ணனின் பழைய பனியன் அது. அண்ணன் சாம்பல் நிறத்தைத் தவிர வேறு போட்டு அவன் பார்த்ததில்லை.

பழையதில் புதியது.

மூடியை வைத்துவிட்டு அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். மழை பிடித்துக்கொண்டது. அண்ணனைச் சந்தேகப்பட்டதற்காக அவன் முதலில் தன்னைத்தான் திட்டிக்கொண்டான். மீன் பிடிக்கிறவனுக்கு ஆயிரம் கிறுக்கு இருக்கும். மனித வேர்வைக்குக் கெளுத்தி வரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதற்குப்போய் இப்படியா. ஆனால் இதுவரை கண்டும் காணாமல் விட்ட சிலவற்றின்மேல் இப்போது கண் போனது. ஜன்னலுக்கு வெளியே, சுவரில், தரையிலிருந்து அவன் இடுப்பு உயரத்துக்கு ஒரு ஈரப்பட்டை. வெயில் நாளிலும் அது காய்ந்ததில்லை. ஜன்னல் கம்பிகளில் காலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் கோழை. நத்தை என்று நினைத்துத் துடைத்திருக்கிறான். தூக்கத்தில் கேட்கும் அந்தச் சத்தம், ஈரத்துணியை இழுத்துக்கொண்டு யாரோ சுவரோரம் போவதுபோல, போய் நின்று, கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணுவதுபோல. அதே ஈரப்பட்டை அண்ணன் படுக்கிற அறையின் சுவரிலும் உண்டு. அங்கே மட்டும் அது காய்ந்து வெளுத்துப்போயிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. மெழுகுவத்தி கேட்கலாம் என்று அடுப்படிப் பக்கம் போனவன், உள்ளே பேச்சுக் குரல் கேட்டு நின்றான். அண்ணி அழுதுகொண்டிருந்தாள்.

"அவர் நம்மள நம்பி வந்தவருங்க. என் கையால சோறு போட்டிருக்கேன்."

"நான் மட்டும் சந்தோஷமாவா பண்றேன்?" அண்ணனின் குரல் தணிந்திருந்தது, களைத்திருந்தது. "இத்தனை வருஷத்துல மடுவுல கிடக்கிற அது என் கை வாடைக்குப் பழகிப்போச்சு. என்னைத் தேடி வாசல் வரைக்கும் வந்துச்சு. யாரையாவது காட்டித்தானே ஆகணும். பத்து நாளா என் ஜன்னலுக்கு வரல. அவன் ஜன்னலுக்குத்தான் போகுது. இன்னைக்கு ஆறு ஏறுது. இன்னைக்கோட முடிஞ்சிடும்."

"கதவு?"

"அவன் ரூம் தாழ்ப்பாளக் கழட்டிட்டேன்."

இளையவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அவமானம். கருவிப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த அந்த முதுகு, நடுத்துண்டு, முதல் தட்டு, கைராசி என்ற அந்த ஒற்றைச் சொல், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், சும்மா போட்டுக்கொண்டே வந்த தீனி. அவன் அழுதுகொண்டே வந்த அந்த வழியெல்லாம் நினைவுக்கு வந்து, தன்னைப்போல ஒரு ஏமாளி உலகத்தில் இருப்பானா என்று நெஞ்சு எரிந்தது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து ஏன் என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் பதில் சொல்வார். அதைத்தான் அவனால் தாங்க முடியாது.

போய்விட வேண்டும். வாசலுக்கு ஓடினான்.

தெரு இல்லை. வாசல்படியைத் தொட்டுக்கொண்டு ஆறு நின்றது. மழையும் மங்கல் வெளிச்சமுமாக, எதிர்வரிசை வீடுகள் தூரத்தில் கரிக்கோடுகளாகத் தெரிந்தன. முழங்கால் தண்ணீர்தான் இருக்கும், நடந்துவிடலாம் என்று ஒரு காலை இறக்கினான். தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில், அந்த ஓட்டத்துக்கு எதிராக, ஒரு நீளமான மடிப்பு திரும்பியது. அவன் கால் இருந்த பக்கம் திரும்பியது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

வாடை. வாடையைத்தான் அது தேடுகிறது. குளியலறைக்குள் ஓடிச் சட்டையை, பனியனை, எல்லாவற்றையும் உரித்து ஜன்னல் வழியாக வெளியே எறிந்தான். சோப்பைத் தலையிலிருந்து கால் வரை தேய்த்தான். அக்குளில், கழுத்தில், விரலிடுக்கில், தோல் எரிகிற வரைக்கும். தண்ணீர் ஊற்றி, மறுபடி தேய்த்தான். கொடியில் கிடந்த அண்ணியின் துண்டை, சோப்பில் விறைத்த துண்டை, இடுப்பில் சுற்றிக்கொண்டான்.

கூடத்தில் கால் வைத்ததும் கணுக்கால் நனைந்தது.

தண்ணீர் அவன் அறைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. ஆற்றுப்பக்கக் கதவு திறந்து கிடந்தது. சேறும் பாசியுமான வாடை, அதற்குள் ஆழத்தின் குளிர், அதற்கும் உள்ளே, மிக லேசாக, வார்னிஷ். கட்டில் நகர்ந்தது. இருட்டில் கட்டிலின் கால் தரையில் கரகரவென்று இழுபட்டு, நின்றது. பிறகு அவனுடைய தலையணை நனைந்து பிழியப்படும் சத்தம். மெதுவாக. ஆசையாக.

அடுப்படியில் இப்போது யாருமில்லை. அண்ணன் அறைக் கதவு சாத்தியிருந்தது. கீழ் இடுக்கில் மெழுகுவத்தி வெளிச்சம். இளையவன் சத்தமில்லாமல் போய் அந்தக் கதவில் நெற்றியை வைத்தான்.

"அண்ணே," என்றான். "அண்ணே, நான்தான். கதவத் திறங்க."

வெளிச்சம் அணைந்தது.

"எனக்கு எல்லாம் தெரியும்ணே. நான் கோவிச்சுக்க மாட்டேன். திறங்க."

அவன் சொன்னது உண்மை. திறந்திருந்தால் அவன் மன்னித்திருப்பான். அவ்வளவு தனியாக இருந்தான் அவன். உள்ளே மூச்சுச் சத்தம் கேட்டது, கதவின் மறுபுறம், அவன் முகத்துக்கு நேராக. அண்ணனும் நெற்றியை அங்கேதான் வைத்திருந்தார் போல.

பின்னால் தண்ணீர் ஒதுங்கியது.

முதலில் ஒரு மீசை. விரல் தடிமன். குளிர். அவன் குதிகாலைத் தொட்டு நின்றது. இன்னொன்று முழங்காலுக்குப் பின்னால். பிடிக்கவில்லை, சுற்றவில்லை. தடவியது. கண் தெரியாதவர் முகத்தைத் தடவிப் பார்ப்பதுபோலத் தொடையில், முதுகில், தோள்பட்டையில். அவன் மூச்சை அடக்கினான். சோப்பு. சோப்பு மட்டும். மீசைகள் தயங்கின. ஒன்றையொன்று உரசிக்கொண்டன. மெல்ல விலகின.

விலகி, அவன் கால்களுக்கிடையே புகுந்து, கதவின் கீழ் இடுக்கை அடைந்தன. இடுக்கில் ஒன்று நுழைந்தது. உள்ளே அண்ணி வாயைப் பொத்திக்கொண்ட சத்தம். மீசை அசையவில்லை. பழைய ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வதுபோல அப்படியே நின்றது.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டுக்குள் அண்ணனின் முகம், கண்ணீரால் நனைந்த முகம். எத்தனை செய்தாலும் கூடப்பிறந்தவர். திறந்துவிட்டார். இளையவன் உள்ளே நுழையத் தோளைச் சாய்த்தான்.

ரப்பர் உறை போட்ட ஒரு கை இடைவெளியில் நீண்டது. அதில் அவனுடைய போர்வை இருந்தது. காய்ச்சலில் கிடந்தபோது நனைந்தது, துவைக்காதது. அண்ணன் அதை அவன் தலைக்கு மேல் போட்டு, குளிருகிற பிள்ளைக்குப் போர்த்துவதுபோலத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டார்.

"மன்னிச்சிருடா," என்றார்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. உள்ளே கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து.

இளையவன் போர்வையை உதறவில்லை. கை எழவில்லை. இடுக்கிலிருந்து மீசை வெளியே வந்தது. அவன் பக்கம் திரும்பியது. போர்வையின் ஓரத்தைத் தொட்டதும் அது நடுங்கியது. கூடத்தின் அகலத்துக்கு இருட்டு ஒன்று சத்தமின்றி முன்னால் நகர்ந்து வந்தது, தட்டையாக, தாழ்வாக, சுவருக்குச் சுவர் உரசிக்கொண்டு. எங்கோ இரண்டு ஓரங்களில் இரண்டு சிறு கண்கள். அவை அவனைப் பார்க்கவில்லை.

அது தன் தலையை அவன் பாதங்களின்மேல் வைத்தது. கனமாக இருந்தது. வெகுநாள் காத்திருந்து வீட்டுக்கு வந்த ஒன்றைப்போல அப்படியே சற்று நேரம் கிடந்தது. பிறகு உப்புத்தாள் போன்ற அந்த உதடுகள் பிரிந்து, கால் விரல்களிலிருந்து, அவசரமில்லாமல் மேலே வரத் தொடங்கின.